செல்லுமா, செல்லாதா?

சென்னையில் நாணயக் கண்காட்சி ஒன்றில் அந்த ஒரு பெசோ நோட்டைக் கையில் எடுத்தேன். கடைக்காரத் தம்பி பதறிவிட்டார். "அது அழுக்கும்மா. இதோ, மொறமொறன்னு புதுசா ஒண்ணு இருக்கு. வெலையில பெரிய வித்தியாசம் இல்லை."

நான் அழுக்கு நோட்டைத்தான் வாங்கினேன். இரண்டு சினிமா டிக்கெட் காசு ஆனது. வங்கியில் முப்பத்தொரு வருஷம் கேஷ் கவுன்டரில் உட்கார்ந்தவள் நான். மொறமொறப்பான நோட்டை நிறைய எண்ணியிருக்கிறேன். கட்டுப் பிரிக்காத நோட்டுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. பத்துக் கை பட்ட நோட்டுதான் பேசும்.

இந்த நோட்டு மெக்சிகோவில் 1914இல் அச்சானது. அதற்கு முந்தைய வருஷம் பிப்ரவரியில் தளபதி ஊவெர்த்தா ஆட்சியைப் பிடித்தார். அதிபர் மதேரோ கொல்லப்பட்டார். ஊவெர்த்தாவை எதிர்த்துக் கிளம்பியவர்களுக்குத் துப்பாக்கி வேண்டும், குதிரைக்குத் தீனி வேண்டும், சிப்பாய்க்குச் சம்பளம் வேண்டும். கஜானாவோ எதிரியிடம். வடக்கே படை திரட்டிய கர்ரான்சா 1913 ஏப்ரலில் ஐம்பது லட்சம் பெசோவுக்கு நோட்டு அடிக்க ஆணை போட்டார். வழி தெரிந்ததும் மற்றவர்களும் சும்மா இருப்பார்களா? தளபதிகள், மாநில அரசுகள், சுரங்கங்கள் என்று ஆளாளுக்கு அடித்தார்கள். காகிதம் கிடைக்காத ஊரில் அட்டையில் அடித்தார்கள்.

அப்படி அடித்த தளபதிகளில் ஒருவர் பாஞ்சோ வில்லா. அவர் அந்த வருஷக் கடைசியில் சிவாவா மாநிலத்தைப் பிடித்தபோது, ஊரில் பணம் பதுங்கிக் கிடந்தது. பணம்தானே இல்லை, அடித்துவிட்டால் போச்சு என்று அவர் அச்சகத்தை ஓட்டவைத்ததை, அங்கே போயிருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ரீட் எழுதியிருக்கிறார். வாங்க மறுத்தால் சிறை. முதலில் வந்த நோட்டுகள் பெரிதாக இருந்ததால் ஜனங்கள் அவற்றுக்கு 'சாபனாஸ்' என்று பெயர் வைத்தார்கள். படுக்கை விரிப்பு என்று அர்த்தம். அடுத்து வந்ததற்கு 'தோஸ் கரீத்தாஸ்', அதாவது இரண்டு குட்டி முகங்கள். ஒரு முகம் மதேரோ. இன்னொன்று சிவாவா ஆளுநர் ஆப்ரஹாம் கொன்சாலஸ். இருவரும் 1913இல் சில வார இடைவெளியில் கொல்லப்பட்டவர்கள். சேகரிக்க ஆரம்பிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த நோட்டைத்தான். ஏராளமாக அடித்ததால் இன்றும் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது.

இனி என் அழுக்கு நோட்டுக்கு வருகிறேன். அதை அடித்தது கர்ரான்சாவின் தற்காலிக அரசு. ஊவெர்த்தா ஓடிய பிறகு ஜெயித்தவர்களுக்குள்ளேயே சண்டை மூண்டது. வில்லாவும் விவசாயிகள் படைத் தலைவர் சபாத்தாவும் ஒரு பக்கம், கர்ரான்சா மறு பக்கம். 1914 டிசம்பரில் தலைநகரம் வில்லா, சபாத்தா கைக்குப் போனது. ஜனங்களின் மடியில் இருந்ததோ கர்ரான்சா நோட்டு. அதைச் செல்லாது என்று சொன்னால் ஊரே பட்டினி. அதனால் எதிரி அடித்த நோட்டின் மேலேயே ஒரு முத்திரை குத்தினார்கள்: 'ரெவாலிதாதோ', டிசம்பர் 17 ஆணைப்படி. மறுபடி செல்லும் என்று பொருள். என் நோட்டில் அந்த மை மங்கிக் கிடக்கிறது.

அடுத்த மாதமே கர்ரான்சாவின் தளபதி ஒப்ரெகோன் நகருக்குள் வந்தார். இப்போது வில்லா நோட்டு செல்லாது. மார்ச்சில் அவர் வெளியேற, சபாத்தா படை திரும்பியது. எந்தப் படை வந்திருக்கிறது என்று தெரியாமல் ரொட்டி வாங்கக் கிளம்ப முடியாது. இதற்கிடையில் கள்ள நோட்டு வேறு. 1916இல் கர்ரான்சா நியூயார்க்கின் அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனியில் அழகாக அச்சடித்து வரவழைத்தார். ஐம்பது கோடி பெசோ. 'கள்ளம் அடிக்க முடியாதது' என்றே அதற்குப் பேர். பெசோவுக்கு இருபது சென்டாவோ (மெக்சிகோ பைசா) தங்கம் என்று மதிப்பு சொன்னார்கள். வருஷம் முடிவதற்குள் அது ஒரு சென்டாவோவுக்கும் கீழே விழுந்தது. சம்பளத்தைத் தங்கக் கணக்கில் கொடு என்று அந்த ஜூலை 31இல் தலைநகரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலுக்குக் கர்ரான்சா மரண தண்டனைச் சட்டத்தைக் கையில் எடுத்தார்.

வாங்க நினைப்பவர்களுக்குக் கவுன்டர் புத்தி கொஞ்சம் சொல்கிறேன். முத்திரையால் விலை ஏறும் என்பதால், இன்றைக்கு முத்திரை குத்தி விற்பவர்களும் உண்டு. பூதக்கண்ணாடியில் மடிப்பைப் பாருங்கள். மடிப்பு தேய்ந்த இடத்தில் மையும் தேய்ந்திருந்தால் நல்லது. தேய்ந்த நாரில் மை ஊறிப் படர்ந்திருந்தால், நோட்டு நைந்த பிறகு குத்தியது அது, யோசித்து வாங்குங்கள். கழுவாதீர்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். லேமினேட் செய்தால் நோட்டு அத்தோடு போச்சு. பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுக்கும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள்.

அந்த முத்திரையைப் பார்க்கும்போதெல்லாம், பழைய ஐநூறு செல்லாது என்று நம் ஊரில் அறிவித்த 2016 நவம்பர்தான் ஞாபகம் வரும். சுருக்குப்பையிலிருந்து நான்காய் மடித்த ஐநூறு ரூபாயை எடுத்து நீட்டி, "இது செல்லுமா தாயீ?" என்று கேட்ட பாட்டிகள் எத்தனை பேர்! "செல்லும் பாட்டி, மாத்தித் தர்றேன்" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனது.

ஊருக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தவள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? கெடு முடிந்து நான்கு மாதம் கழித்து, பொங்கல் பானைக்குள் போட்டிருந்த துணியை உதறினேன். பழைய ஐநூறு ஒன்று விழுந்தது. என்றைக்கோ நான் ஒளித்து வைத்ததுதான். பத்து நோட்டு வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது 2017ஆம் வருஷச் சட்டம். அதுவும் இப்போது ஆல்பத்தில் இருக்கிறது, மெக்சிகோக்காரனுக்குப் பக்கத்து உறையில். நான்காய் மடித்த கோடு இரண்டிலும் ஒரே மாதிரி.