சிங்கப்பூரின் அதிபர் நாற்காலி

சென்ற பருவத்தில் ஒரு நாள் குடிமையியல் வகுப்பில், பல இனத்தார் கூடிவாழும் நாட்டில் சிறுபான்மை இனத்தவர் ஒருவர் நாட்டின் தலைவராக வர இயலுமா என்ற பேச்சு எழுந்தது. சிங்கப்பூரில் 2017-ஆம் ஆண்டு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "போட்டியே இல்லாமல் ஜெயித்தால் அது ஜெயித்தது ஆகுமா, டீச்சர்?" என்றாள். நான் வாய் திறக்கு முன் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமற்போன பதிலை இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் வாழும் மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 74 பேர் சீனர், 13 பேர் மலாய்க்காரர், 9 பேர் இந்தியர். சீனம், மலாய், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சிமொழிகள். தேசிய கீதமோ மலாய் மொழியில் உள்ளது. அந்த மண்ணின் பழங்குடி மக்கள் மலாய்க்காரரே என்று அரசியல் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. நம் நாட்டைப்போலவே அங்கும் ஆட்சி நடத்துபவர் பிரதமர். நாட்டின் தலைவராக, எல்லா இனத்தாருக்கும் பொதுவானவராக வீற்றிருப்பவரை அங்கே அதிபர் என்பர்.

தொடக்கத்தில் அதிபரைப் பாராளுமன்றமே தேர்ந்தெடுத்தது. முதல் அதிபர் யூசோஃப் இஸ்ஹாக் மலாய்க்காரர்; அந்நாட்டு நாணயத் தாள்களில் இன்றும் இருப்பது அவர் படந்தான். அவருக்குப் பின் யுரேசியரான பெஞ்சமின் ஷியர்ஸ், மலையாளியான தேவன் நாயர், சீனரான வீ கிம் வீ என்று ஒவ்வோர் இனத்தாரும் அந்தப் பதவிக்கு வந்தனர். சிலர் கூடிப் பேசித் தேர்ந்தெடுக்கும்போது இப்படிப் பகிர்ந்து கொடுப்பது எளிது. லட்சக்கணக்கான மக்கள் தனித்தனியே வாக்களிக்கும்போது அது எளிதன்று.

1991-இல் சட்டம் மாறிற்று. நாட்டின் சேமிப்புப் பணத்தை அரசு தொடவேண்டுமானால் அதிபரின் ஒப்புதலும் வேண்டும் என்று வைத்தார்கள். அவ்வளவு பொறுப்புள்ளவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றும் முடிவாயிற்று. 1993-இல் நடந்த முதல் தேர்தலில் நின்ற இருவருமே சீனர். 1999-இலும் 2005-இலும் தமிழரான எஸ்.ஆர். நாதன் போட்டியின்றி அதிபரானார். 2011-இல் நால்வர் நின்றனர். வேடிக்கை என்னவென்றால் நால்வருக்குமே குடும்பப் பெயர் 'டான்'! டோனி டான் 7,382 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சீனர் ஒருவரையும் வேறு இனத்தவர் ஒருவரையும் எதிரெதிரே நிறுத்தி, "இவர்களில் யார் வேண்டும்?" என்று அந்த மக்களைக் கேட்டதே இல்லை. பெரும்பான்மையினர் இனம் பார்ப்பார்களா, பார்க்கமாட்டார்களா என்பது யாருக்கும் தெரியாமலே இருந்தது. யூசோஃப் இஸ்ஹாக் 1970-இல் மறைந்தபின் மலாய்க்காரர் எவரும் அந்த நாற்காலியில் அமரவும் இல்லை.

இதைச் சீர்செய்யத்தான் 2016-இல் ஒரு சட்டத்திருத்தம் வந்தது. சீனர், மலாய்க்காரர், இந்தியரும் பிற சிறுபான்மையினரும் என மக்கள் மூன்று சமூகமாக வகுக்கப்பட்டனர். தொடர்ந்து ஐந்து பதவிக்காலம் ஒரு சமூகத்திலிருந்து எவரும் அதிபராகாவிட்டால், அடுத்த தேர்தலில் அச்சமூகத்தார் மட்டுமே நிற்கலாம். ஐந்தில் முதலாவதை எங்கிருந்து எண்ணுவது என்பதில் வாக்குவாதம் மூண்டது. மக்கள் தேர்ந்தெடுத்த முதல் அதிபரிலிருந்து எண்ணினால் நான்குதான் வரும். அரசோ, புதிய அதிகாரங்களை முதலில் பெற்றிருந்த வீ கிம் வீயிலிருந்து எண்ணி ஐந்து என்றது. வழக்கு நீதிமன்றம்வரை சென்று தள்ளுபடியாயிற்று. 2017-ஆம் ஆண்டுத் தேர்தல் மலாய்ச் சமூகத்தாருக்கு ஒதுக்கப்பட்டது.

விண்ணப்பித்தவர்களுள் மலாய்ச் சமூகத்தார் என ஏற்கப்பட்டவர் மூவர். அவர்களுள் இருவர் தனியார் நிறுவனங்களை நடத்தியவர்கள். அத்தகையோரின் நிறுவனத்துக்குப் பங்குதாரர் மூலதனம் 50 கோடி சிங்கப்பூர் டாலராவது இருக்கவேண்டும் என்று அதே திருத்தத்தில் ஒரு நிபந்தனையும் இருந்தது. இருவர் நிறுவனமும் அந்த அளவை எட்டவில்லை. மூன்றாமவர் பாராளுமன்ற சபாநாயகராக இருந்த ஹலிமா யாக்கோப் அம்மையார். மூன்றாண்டு சபாநாயகராக இருந்தாலே தகுதி உண்டாதலால் அவர் மட்டும் எஞ்சினார். செப்டம்பர் 13 அன்று அவர் தேர்வானதாக அறிவித்தனர், மறுநாள் பதவியேற்றார். ஒரு வாக்குச்சீட்டுக்கூட அச்சாகவில்லை.

அந்த அம்மையாரின் கதையைக் கேட்டால் யாருக்கும் நெஞ்சு நெகிழும். தந்தை இந்திய முஸ்லிம். காவற்காரராக வேலை பார்த்தவர். மகளுக்கு எட்டு வயதானபோது அவர் இறந்துவிட்டார். தாய் தள்ளுவண்டியில் சோறும் கறியும் விற்று ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். கடைக்குட்டியான ஹலிமா பள்ளிக்கூடம் போகும் நேரம் தவிர மற்ற நேரத்தில் பாத்திரம் கழுவி, மேசை துடைத்து, வருவோர்க்குப் பரிமாறினார். பள்ளிக்கு அடிக்கடி வராததால் பெயரை நீக்கிவிடுவோம் என்றுகூட எச்சரிக்கப்பட்டாராம். பின்னர் சட்டம் படித்து, தொழிற்சங்கத்தில் பணியாற்றி, பாராளுமன்றம் புகுந்து, அந்நாட்டின் முதல் பெண் சபாநாயகரும் முதல் பெண் அதிபரும் ஆனார்.

இத்தகையவர் தேர்தலில் நின்றிருந்தால் வென்றிருக்கக்கூடும். அந்த வாய்ப்பே அவருக்குக் கிட்டவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ஹாங் லிம் பூங்காவில் மக்கள் கூடி மௌனமாக அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களது குறை அம்மையார்மீது அன்று. வாக்களிக்க இயலவில்லையே என்பதுதான். மலாய்க்காரருள்ளும் பலருக்கு மனத்தாங்கல் இருந்தது. "சலுகையால் வந்தவர்" என்ற பேச்சு நல்லவர் ஒருவர்மீது ஒட்டிக்கொள்ள யார்தான் விரும்புவர்?

ஆகவே கேள்வி கேட்ட மாணவிக்கு என் பதில் இது: ஒதுக்கீடு தவறன்று. ஐம்பது ஆண்டு காத்திருந்த ஒருவருக்குக் கதவைத் திறந்துவிடுவதில் நியாயம் உண்டு. ஆனால் அவ்வளவு பெரிய நிறுவனங்களை நடத்துவோர் மிகச் சிலரே உள்ள சமூகத்துக்கு இடத்தை ஒதுக்கிவிட்டு, 50 கோடி டாலர் கணக்கையும் வாசலில் வைத்தால், ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் வாங்கியதுபோல் ஆகிவிடுகிறது. தகுதியுள்ள மலாய்க்காரர் இருவரோ மூவரோ நின்று, எல்லா இனத்தாரும் வாக்களித்திருந்தால், ஒதுக்கீடும் இருந்திருக்கும், தேர்தலும் இருந்திருக்கும்.

யாரும் கேளாதிருந்த அந்தக் கேள்வி 2023-இல் கேட்கப்பட்டது. அது எல்லோருக்கும் பொதுவான தேர்தல். இரண்டு சீனர்களை எதிர்த்து, இலங்கைத் தமிழ் வழிவந்த தர்மன் சண்முகரத்னம் நின்றார். நூற்றுக்கு 70.4 வாக்குகள் அவருக்கு விழுந்தன. சீனர் பெருவாரியாக வாக்களிக்காமல் அவ்வளவு வாக்கு வந்திருக்க முடியாது. "பார்த்தீர்களா, ஒதுக்கீடே தேவையில்லை" என்று சிலர் சொன்னார்கள். அவசரப்படக் கூடாது என்பேன். தர்மன் நிதியமைச்சராகவும் துணைப் பிரதமராகவும் இருந்து நாடு முழுவதும் பெயர் பெற்றவர். அந்த அளவு புகழில்லாத சிறுபான்மையினர் ஒருவர் நின்றால் என்ன ஆகும் என்பது இனித்தான் தெரியவேண்டும்.

சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. ஒரு பதவிக்காலம் ஆறு ஆண்டு. தர்மனின் காலத்தை முதலாவதாக எண்ணினால், மலாய்க்காரருக்கு மீண்டும் தேர்தலை ஒதுக்கும் நிலை 2053-இல் வரும். அதற்குள் மலாய்ப் பெண்ணோ ஆணோ ஒருவர் பொதுத் தேர்தலில் நின்று வென்றுவிட்டால், அந்தக் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.