இரண்டே நாளில் உரியும் ஜெல் நகம்: தவறு யார் மீது? பணம் திரும்பக் கிடைக்குமா?

போனில் காட்டிய போட்டோவில் கண்ணாடி மாதிரி பளபளப்பு. கைக்கு வந்ததோ மேடு பள்ளமான கோட்டிங், தோலில் வழிந்த கலர். இரண்டு நாளில் ஓரம் தூக்குது, நாலாவது நாள் தலைமுடி சிக்குது. திரும்பப் போய்க் கேட்டால், "பாத்திரம் தேய்ச்சிருப்பீங்க மேடம்" என்று பதில் வரும். கல்யாணம், இன்டர்வியூ என்று ஒரு நாளுக்காகச் செலவழித்தவர்கள், சண்டை போடக் கூச்சப்பட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

பெருநகரங்களில் தொடங்கிய நெயில் ஆர்ட், இன்று விருத்தாசலம் மாதிரியான ஊர்களில் வசிப்பவர்களுக்கும் புதுசு இல்லை. ஜெல் நகம் ஏன் சொதப்புகிறது என்பதைப் புரிந்துகொள்ள, செராமிக் பொம்மைக்கும் பீங்கானுக்கும் பேர்போன இந்த ஊரின் சூளையே நல்ல உதாரணம்.

சூளைக்கும் நகத்துக்கும் என்ன சம்பந்தம்?

சுட்ட களிமண் மேல் கிளேஸ் எனப்படும் கண்ணாடி மெருகைப் பூசி, மறுபடி சூளையில் வைக்கிறார்கள். சூட்டில் அது உருகி மண்ணோடு ஒட்டுகிறது. மேற்பரப்பில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால், கிளேஸ் அந்த இடத்தை விட்டு விலகிவிடும். சூடு பத்தாவிட்டால் பாதி உருகி, சொரசொரப்பாக நிற்கும்.

ஜெல் பாலிஷிலும் இதே கதைதான். சூட்டுக்குப் பதில் வெளிச்சம். ஜெல்லில் இருக்கும் சின்னச் சின்ன மூலக்கூறுகள், யுவி அல்லது எல்இடி விளக்கின் ஒளி பட்டதும் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு கெட்டியாகின்றன. இது சரியாக நடக்காமல் போக நான்கு காரணங்கள் உண்டு.

ஒன்று, நகத்தில் எண்ணெயோ ஈரமோ இருப்பது. நகக்கண் தோலைச் சரியாக ஒதுக்காமல் பூசினாலும் அங்கிருந்துதான் முதலில் தூக்கும்.

இரண்டு, ஒரே தடவையில் தடிமனாகப் பூசுவது. மேல்பகுதி இறுகிவிடும், ஒளி போய்ச் சேராத அடிப்பகுதி பச்சையாகவே இருக்கும்.

மூன்று, ஜெல்லுக்குப் பொருந்தாத விளக்கு. எல்லா ஜெல்லும் எல்லா விளக்கிலும் ஒரே மாதிரி இறுகாது.

நான்கு, கட்டைவிரல். மற்ற நான்கு விரலோடு சேர்த்து வைத்தால் அது பக்கவாட்டில் சாய்ந்திருக்கும், ஒளி நேராகப் படாது. தனியாக வைத்துக் காட்டுவதே சரியான முறை.

வாடிக்கையாளர் பக்கமும் தவறு இருக்கலாம். நகத்தால் ஸ்டிக்கர் சுரண்டுவது, டப்பா மூடியை நெம்புவது, கையுறை இல்லாமல் ரொம்ப நேரம் தண்ணீரில் வேலை செய்வது எல்லாம் ஜெல்லைத் தூக்கிவிடும். ஒரே ஒரு நகம் உடைந்தால் எங்காவது இடித்திருக்கலாம். ஒரே நாளில் ஐந்தாறு நகம் சேர்ந்து உரிந்தால், பூசின விதத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

உரிந்தால் போகட்டும், உடம்புக்கு என்ன?

அழகு கெடுவது சின்ன நஷ்டம். பாதி இறுகிய ஜெல் தோலில் படுவதுதான் பெரிய பிரச்னை. அதில் இருக்கும் ஹெமா உள்ளிட்ட மெத்தாக்ரிலேட் வகை வேதிப்பொருள்கள் அலர்ஜியை உண்டாக்கக்கூடியவை. நகத்தைச் சுற்றி அரிப்பு, சிவப்பு, வீக்கம் வரலாம். கை பட்ட இடமான கண் இமையிலும் முகத்திலும்கூட வரலாம்.

பிரிட்டன் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-ல் இதைப் பற்றி எச்சரித்தது. பிரிட்டன், அயர்லாந்து மருத்துவமனைகளில் இதற்கான அலர்ஜி சோதனை செய்துகொண்டவர்களில் 2.4 சதவீதம் பேருக்கு இந்த வகைப் பொருளில் ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை. இந்த அலர்ஜி ஒருமுறை வந்தால் பொதுவாக வாழ்நாள் முழுக்க இருக்கும். பல் அடைக்கும் பொருளிலும் இதே குடும்ப வேதிப்பொருள் இருப்பதால், பல் டாக்டரிடமும் சொல்லி வைக்க வேண்டியிருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹெமா உள்ள நகப் பூச்சுகளைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதிக்கிறார்கள். ஜெல்லை இறுக வைக்கப் பயன்பட்ட டிபிஓ என்ற பொருளுக்கு அங்கே 2025 செப்டம்பர் 1 முதல் தடை இருக்கிறது.

இன்னொரு ஆபத்து டிரில் மெஷின். பழைய ஜெல்லை எடுக்கும்போது அழுத்தித் தேய்த்தால் சொந்த நகமே மெலிந்துவிடும். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. அடியிலிருந்து நுனி வரை புது நகம் வர ஏறக்குறைய 6 மாதம் ஆகும். தூக்கிய ஜெல்லைப் பிய்த்து எடுத்தாலும் இதே கதிதான். அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, ஊறவிட்டு எடுப்பதே பாதுகாப்பு.

"பணம் ரிட்டர்ன் கிடையாது" போர்டு செல்லுமா?

பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலை என்பதால், பியூட்டி பார்லரும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் வருகிறது. பில் தராமல் இருப்பது அந்தச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. குறைபாடான சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அப்படித்தான். பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். சுவரில் போர்டு மாட்டிவிட்டதால் மட்டும் இந்தப் பொறுப்பு போய்விடாது. ஆனால் சேவையில் குறை இருந்தது என்பதைக் காட்ட வேண்டியவர் வாடிக்கையாளர்தான்.

ஆதாரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு டெல்லி வழக்கு ஒன்று உதாரணம். 2018-ல் ஒரு நட்சத்திர ஓட்டல் சலூனில் கேட்டதைவிட ரொம்பக் குட்டையாக முடியை வெட்டியதாக ஒரு மாடல் புகார் கொடுத்தார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2021-ல் ரூ.2 கோடி இழப்பீடு விதித்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சேவைக் குறைபாடு என்ற முடிவில் தலையிடவில்லை. ஆனால் இவ்வளவு பெரிய தொகைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறி, தொகையை மறுபடி முடிவு செய்ய ஆணையத்துக்கே அனுப்பியது.

என்ன செய்யலாம்?

உரிந்த அன்றே, நல்ல வெளிச்சத்தில் பத்து விரலையும் போட்டோ எடுங்கள். பில், யுபிஐ ரசீது, அப்பாயின்ட்மென்ட் வாட்ஸ்அப் மெசேஜ், காட்டின மாடல் போட்டோ எதையும் அழிக்காதீர்கள். அரிப்போ வீக்கமோ இருந்தால் தோல் டாக்டரிடம் காட்டி, சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பார்லர் அக்காவிடம் நிதானமாகப் பேசுங்கள். "ரெண்டு நாள்லயே ஆறு நகம் வந்துடுச்சுக்கா, சரி பண்ணிக் கொடுங்க, இல்லேன்னா காசைக் கொடுங்க" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பல இடங்களில் இதிலேயே முடிந்துவிடும். அலர்ஜி வந்திருந்தால் மட்டும் மறுபடி ஜெல் போட ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மறுத்தால் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், விருத்தாசலத்துக்காரர்களுக்குக் கடலூர். சென்னையிலோ பெங்களூரிலோ நடந்திருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் ஊருக்கான ஆணையத்திலேயே வழக்கு போடலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. பிரச்னை நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

அடுத்த முறை போகும்போது, உட்காருவதற்கு முன்பே மூன்று கேள்வி கேளுங்கள். என்ன பிராண்ட் ஜெல், அதே பிராண்ட் விளக்கா? எத்தனை நாளுக்குள் உரிந்தால் இலவசமாகச் சரிசெய்வீர்கள்? எடுக்கும்போது டிரில்லா, அசிட்டோனா? மூன்றுக்கும் தெளிவான பதில் வராத இடத்தில் சாதாரண நெயில் பாலிஷே போதும்.