பானை இல்லாத பானைக் கதை

செல்போனில் கதை சொல்கிறார்கள் பிள்ளைகள். அது யாருடைய குரல்?

“வணக்கம் நண்பர்களே! இன்னைக்கு நாம பார்க்கப்போறது ஆவியாதல். வீடியோவுக்குள்ள போறதுக்கு முன்னாடி மறக்காம லைக் பண்ணிடுங்க…”

திருச்சி தென்னூரில் ஒரு சந்து வீட்டுத் திண்ணை. பேசுவது ஏழாம் வகுப்புச் சிறுமி. அம்மா வேலை முடிந்து வந்த பிறகுதான் செல்போன் கைக்கு வரும் என்பதால் மணி ஏழைத் தாண்டிவிட்டது. பள்ளியில் கொடுத்த வேலை இதுதான்: இரண்டு நிமிடத்தில் ஓர் அறிவியல் கதை. அவள் எடுத்துக்கொண்டது ‘மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது?’

போட்டுக் காட்டினாள். நீலக் கடல், மேகம், கடலிலிருந்து மேலே போகும் அம்புக்குறி, பின்னால் சினிமா இசை. எல்லாம் இருந்தது, பானை மட்டும் இல்லை.

“உங்க வீட்டுப் பானை எங்கேம்மா?”

“அது நல்லா இருக்காது அங்கிள். வெளிய எல்லாம் வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்திருக்கு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதையே அந்த உப்பில்தானே இருக்கிறது!

உப்பு சொல்லும் கதை

மண்பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். உள்ளே இருக்கும் தண்ணீர் மெல்லக் கசிந்து வெளிப்புறத்தை நனைக்கிறது; காற்று பட்டதும் ஆவியாகிறது. போகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, கரைந்திருந்த உப்பை விட்டுவிட்டுப் போகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். கணக்குப் போட்டால், பத்து லிட்டர் பானையிலிருந்து அரை டம்ளர், அதாவது 100 மில்லி, ஆவியானாலே மிச்சத் தண்ணீர் 5 டிகிரிக்குக் குறையாமல் குளிர வேண்டும். வெளிச்சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால்தான் அவ்வளவு குளிர்வதில்லை.

திண்ணையில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த அப்பாயி தலையைத் தூக்காமலே சொன்னார்: “அடைமழை நாள்ல இப்படிச் சில்லுன்னு இருக்காது. காத்து வறண்டு அடிக்கணும்.”

காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் பானையின் ஈரம் எளிதில் ஆவியாகாது. பாடப்புத்தகம் ஈரப்பதம் என்று சொல்வதைத்தான் அப்பாயி சொன்னார். பதிவு செய்ய ஆளில்லை. பேத்தி இசையின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

வசதிக்குக் குறைவில்லை

இன்றைக்குப் பள்ளிகளில் திரைக்குப் பஞ்சமில்லை. 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு, 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி, பிறகு ஹைடெக் லேப், ஸ்மார்ட் போர்டு. இதயம் துடிப்பதையும் கோள்கள் சுற்றுவதையும் கரும்பலகையில் காட்ட முடியாது. அங்கே வீடியோ வரப்பிரசாதம். ‘நாற்பது பிள்ளைகள், முக்கால் மணி நேரம், முடிக்க வேண்டிய பாடம், இதில் வீட்டுக்கு வீடு பானையைத் தேட முடியுமா?’ என்று ஆசிரியர்கள் கேட்பதும் நியாயம்தான்.

இருந்தாலும் மனசு ஆறவில்லை. 1990-களில் கலிபோர்னியாவில் டிஜிட்டல் கதைசொல்லல் ஓர் இயக்கமாகக் கிளம்பியபோது அதன் உயிரே சொந்தக் குரல்தான். சில புகைப்படங்கள், சில நிமிடங்கள், சொல்பவரின் வாழ்க்கை. நம்மிடம் வந்து சேரும்போது குரல் கழன்றுவிட்டது. எந்தப் பிள்ளை பேசினாலும் ஒரே யூடியூப் ராகம். வெட்கப்படும் பிள்ளைக்குப் பதிலாக எழுதியதை வாசித்துக்கொடுக்கச் செயலிக் குரலும் தயார். சார்ட்டையும் மாடலையும் கடையில் வாங்கிக்கொண்டுபோய்ப் பரிசு வாங்கிய காலம் நினைவிருக்கிறதா? இப்போது கதையையும் அப்படி வாங்கலாம்.

இரவல் குரலுக்கு ஒரு குணம் உண்டு. அதற்கு எல்லாம் தெரியும். ‘தெரியலையே’ என்று அது சொல்லவே சொல்லாது. அறிவியலோ அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது.

காவிரிக்கரையில் இதைச் சொல்லித்தர வேண்டுமா? 1888-ல் திருவானைக்காவலில் பிறந்த இயற்பியலாளர் ஒருவர் 1921-ல் கப்பலில் போகும்போது, கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்ற அன்றைய விளக்கத்தை நம்பாமல், பட்டகத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அந்தச் சந்தேகம் 1930-ல் நோபல் பரிசு வரை போனது. அதே நீலக் கடலைத்தான் நம் சிறுமி இணையத்தில் இறக்கி ஒட்டியிருந்தாள்! ஜீனோ என்ற இயந்திர நாயைப் பேசவிட்ட ஶ்ரீரங்கத்து எழுத்தாளரும் அறிவியலை இரவல் குரலில் சொன்னவரில்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம் பேசுகிற தமிழில் சொன்னார், அதனால்தான் பிடித்தது.

2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், சோதனைப் பொருள்களை ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கைக்கே கொண்டுபோகிறது. கை தொட்டதை வாய் சொல்ல ஒரு செல்போன் போதும். மதிப்பெண் போடும்போது மட்டும் எடிட்டிங்கைப் பார்க்காமல், பிள்ளை எங்கே சந்தேகப்பட்டது என்று பார்த்தால் பாதிக் கவலை தீரும்.

அன்று கிளம்பும் முன் பானையைப் பார்க்கப் போனோம். சமையலறை மூலையில், ஈர மணல்மேல் இருந்தது. சிறுமி நகத்தால் அந்த வெள்ளையைச் சுரண்டி நாக்கில் வைத்தாள். முகம் சுளித்தது.

“உப்புக் கரிக்குது! அப்பாயி, இதுல போர் தண்ணியா ஊத்துனீங்க, காவிரித் தண்ணியா?”

வணக்கம் நண்பர்களே இல்லை. பின்னணி இசை இல்லை. செல்போன் திண்ணையிலேயே கிடந்தது.