இணைய முகவரி: தலையைவிட வால் முக்கியம்

புது தில்லி: தங்கள் தொகுதி உறுப்பினர் மக்களவையில் என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் அளித்தார் என்று அறிய விரும்பியவர்கள் பல ஆண்டுகளாக நாடிய இணைய முகவரி "லோக்சபா டாட் நிக் டாட் இன்". மாநிலங்களவைக்குத் தனி முகவரி இருந்தது. இப்போது இரு அவைகளுக்கும் பொதுவாக "சன்சத் டாட் இன்" என்ற முகவரி வந்துவிட்டது.

பெயர் சுருங்கியது நல்லதே. "கவ் டாட் இன்" என்ற அரசு முத்திரை இல்லாததையும் குறை கூற முடியாது. நாடாளுமன்றம் அரசின் துறையல்ல, அரசைக் கேள்வி கேட்கும் அவை. ஆனால் புதிதாக இணையதளம் தொடங்குவோர் கவனிக்க வேண்டிய இரண்டு சிக்கல்கள் இந்த ஒரு முகவரியிலேயே இருக்கின்றன.

முதலாவது, காதால் கேட்டு எழுத முடியுமா என்பது. "சன்சத்" ஹிந்திச் சொல். தொலைபேசியில் கேட்கும் தமிழர், கடைசி எழுத்தை "டி எச்" என்று எழுதவே வாய்ப்பு அதிகம். "தில்லிக்குப் போடும் டி மட்டும்தான்" என்று விளக்க வேண்டியிருக்கிறது. நம் மொழிப் பெயர்களுக்கும் இதே கதிதான். "தமிழ்" என்ற மூன்றெழுத்துச் சொல்லின் தொடக்கத்தில் "எச்" சேர்ப்போர் உண்டு, சேர்க்காதோர் உண்டு. முடிவில் "எல்" போடுவோரும் "இசட் எச்" போடுவோரும் உண்டு. ஆக ஒரே பெயருக்கு நான்கு முகவரிகள். ஒன்றை நாம் பதிவு செய்தால், மற்ற மூன்றும் யார் கையில் என்ற கேள்வி எழுகிறது.

ஒரு "எஃப்" உச்ச நீதிமன்றம் வரை சென்ற கதையும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம், தன் பெயரைச் சுருக்கி "சிஃபி" என்ற சொல்லை உருவாக்கி, 1999-இல் முகவரிகளைப் பதிவு செய்திருந்தது. பின்னர் மற்றொரு நிறுவனம் கூடுதலாக ஒரு "எஃப்" சேர்த்து "சிஃபிநெட்" என்ற பெயரில் இயங்கத் தொடங்கியது. தங்கள் நிறுவனர்கள் ஐவரது பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்தே அப்பெயர் வந்தது என்பது அதன் வாதம். பெங்களூரு உரிமையியல் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2004 மே 6-இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை மீண்டும் உறுதி செய்தது. இணைய முகவரி வெறும் விலாசம் அல்ல, வணிகப் பெயரைப் போலவே பாதுகாப்புக்கு உரியது என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

இரண்டாவது சிக்கல், முகவரியின் வால். "டாட் இன்" என்ற முடிவு 2005-இல் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது முதல், பணம் கட்டும் எவரும் அதைப் பெறலாம். "கவ் டாட் இன்" அப்படியல்ல. அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். முகவரியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதைப் பலர் அறிவதில்லை. முன்னால் வங்கியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கலாம். கடைசி வாலுக்குச் சற்று முன்னால் நிற்கும் பெயருக்கு உரியவரே அந்தத் தளத்தின் சொந்தக்காரர். பாஸ்போர்ட் விண்ணப்பதாரர்களிடம் பணம் பறித்த போலித் தளங்களும் "இந்தியா", "பாஸ்போர்ட்" என்ற சொற்களை முன்னால் வைத்துக்கொண்டு, "டாட் காம்", "டாட் ஆர்க்", "டாட் இன்" என முடிந்தவைதாம்.

இதனால்தான் ரிசர்வ் வங்கி 2025-இல் ஒரு முடிவுக்கு வந்தது. வங்கிகள் அனைத்தும் அக்டோபர் 31-க்குள் "பேங்க் டாட் இன்" என முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. அம்முகவரியை வழங்கும் பொறுப்பு ஹைதராபாதில் உள்ள வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்திடம் மட்டுமே ஒப்படைக்கப்பட்டது. போலிகள் கண்ணுக்குத் தெரியாத நாளிலேயே இதைச் செய்திருக்கலாம். ஏமாந்தவர்களின் பணம் திரும்பப் போவதில்லை.

ரோமன் எழுத்தின் தொல்லையே வேண்டாம், தமிழிலேயே முகவரி வைத்தால் என்ன என்று கேட்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. 2011-இல் ஏழு இந்திய மொழிகளுக்கு நாட்டின் பெயரைக் குறிக்கும் வால் அனுமதிக்கப்பட்டது. ஹிந்தி, வங்காளம், தெலுங்கு, குஜராத்தி, பஞ்சாபி, உருது ஆகிய ஆறிலும் அது "பாரத்" என்பதன் வடிவமே. தமிழில் மட்டும் "இந்தியா". பெயர் குறித்துத் தில்லியில் எழும் சர்ச்சைகளை நினைத்தால் சற்று வியப்பாகத்தான் இருக்கிறது.

என்றாலும், "டாட் இந்தியா" என முடியும் தமிழ் முகவரிகளைத் தமிழ்நாட்டிலேயே தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கணினிகளுக்குள் அந்தப் பெயர் "எக்ஸ் என்" எனத் தொடங்கும் புரியாத ரோமன் எழுத்துத் தொடராக மாற்றப்பட்டே பயணிக்கிறது. சில இடங்களில் அந்தத் தொடரே வெளியில் தெரிந்துவிடுகிறது. தமிழில் எழுதிய மின்னஞ்சல் முகவரியை ஏற்க மறுக்கும் படிவங்களும் பல. எனவே தமிழில் பெயர் பதிகிறவரும் ரோமன் எழுத்தில் மற்றொன்றை வாங்கி வைக்க வேண்டியிருக்கிறது. அதில் "எல்" போடுவதா, "இசட் எச்" போடுவதா என்ற கேள்வி மறுபடியும் வாசலில் வந்து நிற்கிறது.