என்பின் உள்ளமைப்பும் நிலத்தடி நீரும்: சேர்வராயன் மலையடிவாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

சித்த மருத்துவம் உடற்கட்டுகள் ஏழனுள் என்பையும் அதனை அடுத்து மூளையையும் எண்ணும். இங்கு மூளை என்பது எலும்பினுள் நிறைந்த மஜ்ஜையைக் குறிக்கும். புறத்தே திண்மை, அகத்தே மென்மை என்னும் இவ்வமைப்பு மனிதருக்கும் பிற பாலூட்டிகளுக்கும் பொது. ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் தென்னடிவாரத்தில் சேலம் நகரும் வடபுறத்தில் தருமபுரி மாவட்டமும் உள்ளன. சேலம், தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களிலும் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்துள்ளது. அந்நீர் எலும்பை எவ்வாறு மாற்றுகிறது என்பதை இக்கட்டுரை எலும்பின் உள்ளமைப்பின்வழி விளக்குகிறது.

எலும்பின் அமைப்பு

எலும்பின் புறப்பகுதி அடர்ந்தது. மனிதரில் அது, குருதிக்குழாய் செல்லும் நுண்கால்வாயைச் சுற்றி வளையம் வளையமாக அடுக்கப்பட்ட ஹேவர்சியன் தொகுதிகளால் ஆனது. விரைந்து வளரும் மாட்டின் எலும்பிலோ செங்கற்சுவர் போன்ற அடுக்குகள் மிகுதி. உடைந்த துண்டு மனிதருடையதா விலங்கினுடையதா எனத் தடயவியலார் ஆராய இவ்வேறுபாடு துணைபுரிகிறது. எலும்பு முனைகளின் உட்பகுதி பஞ்சு போன்றது. அதன் நுண்சட்டங்கள் எடை இறங்கும் திசையை ஒட்டி அமைகின்றன. இரு பகுதிகளிலும் கொல்லாஜென் இழைகள் வளைந்து கொடுக்கும் தன்மையையும், கால்சியம் பாஸ்பேட்டுப் படிகங்கள் இறுக்கத்தையும் தருகின்றன.

ஃபுளோரைடின் விளைவு

கடினப் பாறையில் நெடுங்காலம் தங்கும் நீர், கனிமங்களிலிருந்து ஃபுளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. அளவை ஏற்கிறது, வேறு நீர் இல்லாதவிடத்து 1.5 மி.கி. வரை அனுமதிக்கிறது. உடலில் மிகுதியாகச் சேரும் ஃபுளோரைடு, எலும்புப் படிகத்தில் ஹைட்ராக்சிலின் இடத்தைப் பற்றுகிறது; எலும்பாக்கும் செல்களையும் தூண்டுகிறது. இதனால் எலும்பு பெருக்கிறது. ஆயின் அடுக்கின் ஒழுங்கு குலைகிறது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் அடர்ந்து தோன்றும் அவ்வெலும்பு எளிதில் முறியக்கூடும். மூட்டுப் பிணையங்களில் சுண்ணமேறி முதுகு விறைக்கிறது. அதே நீரைப் பருகும் மாடுகளுக்குப் பற்கள் கறையேறுகின்றன, நடை நொண்டுகிறது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்ட மக்களிடம் காணப்பட்ட இந்நோயை 1937இல் ஷார்ட்டும் உடனாய்வாளர்களும் விளக்கி எழுதினர்.

முடிவுரை

எலும்பின் வலிமை கனிமத்தின் அளவில் மட்டுமன்று, அது அடுக்கப்பட்ட ஒழுங்கிலும் உள்ளது. முற்றிய நிலையில் இந்நோயை முழுதும் மீட்க இயலாது. ஆகவே நீரை மாற்றுவதே வழி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைத் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது இந்நோக்கிலேயே. மக்களுக்குக் குழாய்நீர் வந்த பின்னரும் கால்நடைத் தொட்டிக்கு ஆழ்துளைக் கிணற்று நீரே செல்லுமாயின், தீங்கு பாதியே நீங்கியதாகும். மாட்டின் பல்லையும் நடையையும் கவனிப்பது, அவ்வூர் மனிதரின் எலும்பைக் காக்கும் முன்னறிவிப்பாகவும் அமையும்.