சூரியனைப் படம் பிடிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு என்ன சொல்லப்போகிறோம்?

2019 டிசம்பர் 26ஆம் திகதி காலை யாழ்ப்பாணம், திருகோணமலைப் பக்கம் வளைய சூரிய கிரகணம் தெரிந்தது. எங்கள் இறம்பொடையில் அது பகுதிக் கிரகணம்தான். "வெளிய போக வேணாம் மகள்" என்று உம்மா தடுத்துவிட்டார். குசினிக்குள் நின்றேன். பழைய தகரக் கூரையின் ஆணி ஓட்டைகளால் வழமையாக வட்டமாக விழும் வெளிச்சப் பொட்டுகள், முகில் விலகிய நேரம் பார்த்தால், எல்லாமே பிறைகள்! கைத்தொலைபேசியால் தரையைப் படம் எடுத்தேன். நான் எடுத்த முதலாவது சூரியப் படம் அது.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியபோது தரம் எட்டு மாணவன் ஒருவன், கரும்பலகையில் பார்க்கும் எழுத்தின் நடுப்பகுதி மட்டும் மறைகிறது என்றான். எக்ஸ்ரே தாளைப் பிடித்துக் கிரகணம் பார்த்திருக்கிறான். விழித்திரைக்கு வலி தெரியாது; அது எரியும்போது பிள்ளைக்கு எதுவும் உறைப்பதில்லை. விடுமுறைக்கு முன் வகுப்பில் அரை மணித்தியாலம் இதைப் பேசியிருக்கலாம். நான் பேசவில்லை.

அந்தக் குசினிப் பிறைகளுக்கு வருவோம். ஓட்டை சதுரமோ கோணலோ, சிறிதாக இருந்தால் போதும். தரையில் விழுவது ஓட்டையின் வடிவமல்ல, சூரியனின் பிம்பம். ஓட்டைக்கும் திரைக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய 109இல் ஒரு பங்கு அதன் விட்டம். ஒளி பத்தடி பயணித்தால் ஓர் அங்குலம்தான். பெரிதாக வேண்டுமானால், முகம் பார்க்கும் கண்ணாடியைக் காகிதத்தால் மூடி, நடுவில் ஐந்து மில்லிமீற்றர் ஓட்டை விட்டு, வெயிலை இருட்டு வகுப்பறைச் சுவருக்குத் திருப்புங்கள். 20 மீற்றர் தூரத்தில் 18 சென்ரிமீற்றர் அகலச் சூரியன் கிடைக்கும். சுவரைப் படம் எடுப்பதில் ஆபத்தில்லை. கண்ணாடியை நோக்கி மட்டும் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது.

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரகணத்தின் வடிவம் பற்றித் தனி நூல் எழுதினார். சிறு துளையால் வரும் கிரகணப் பிம்பம் ஏன் பிறையாக இருக்கிறது, துளை பெரிதானால் அந்தப் பிறை ஏன் கெடுகிறது என்பதுதான் அதன் ஆய்வு. அவர் பெயரை மேடையில் சொல்லிப் பெருமைப்படுகிறோம். பிள்ளைகளைக் கிரகண நேரத்தில் கதவடைத்து வைப்பதும் நாமேதான்.

கெமராவால் சூரியனை நேரே எடுப்பதானால் சூரியனுக்கென்றே தயாரித்த வடிகட்டித் தாள் வேண்டும். அதை வில்லையின் முன்பக்கம், ஒளி உள்ளே நுழையும் இடத்தில் பொருத்த வேண்டும். கண் வைக்கும் பக்கத்தில் பொருத்தினால் குவிந்த வெப்பத்தில் வெடித்துவிடலாம். எக்ஸ்ரே தாள், சீடீ, புகை பிடித்த கண்ணாடி எதுவும் உதவாது.

கோள்களால் கண்ணுக்கு ஆபத்தில்லை. அங்கே தேவை பொறுமை. வியாழனின் வட்டு, முழுநிலவின் விட்டத்தில் நாற்பதில் ஒரு பங்குதான். காற்று அலைவதால் அதுவும் கொதிக்கும் தண்ணீருக்கடியில் கிடக்கும் நாணயம்போல நெளியும். அதனால் ஒரு படம் எடுப்பதில்லை. சில நிமிட வீடியோ எடுத்து, அதிலுள்ள ஆயிரக்கணக்கான சட்டங்களில் தெளிவானவற்றை மட்டும் தெரிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். ஓட்டோஸ்ரக்கேர்ட், ரெஜிஸ்ரக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. இப்படித்தான் 2009 ஜூலை 19ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் அன்ரனி வெஸ்லி, வீட்டிலிருந்த 14.5 அங்குலத் தொலைநோக்கியால் வியாழனில் புதிய கரும் தழும்பொன்றைக் கண்டார். ஏதோவொரு பொருள் மோதிய அடையாளம் அது. அவர் தொழில்முறை வானியலாளர் அல்லர்; கணினி நிரல் எழுதுபவர்.

அவ்வளவு பெரிய கருவி நமக்கு எதற்கு? சாதாரண இருகண் நோக்கியை மதிலில் அசையாமல் வைத்தாலே வியாழனின் நான்கு நிலாக்கள் தெரியும். சிறிய தொலைநோக்கி இருந்தால் அதன் கண்வில்லையில் கைத்தொலைபேசியை ஒட்டிப் பிடித்து எடுக்கலாம். நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் கோள்கள் பெரும்பாலும் வானில் நன்கு உயர்ந்தே செல்கின்றன. அவற்றின் ஒளி கடக்க வேண்டிய காற்று குறைவு. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு எல்லா வருடமும் வாய்க்காத வசதி இது. நம்முடைய தொல்லை மூடுபனி. ஜனவரி முதல் மார்ச் வரை கிடைக்கும் தெளிந்த இரவுகளை விட்டால் பிறகு மழைதான். இருபத்தொன்பதாம் நாள் பிறை தேடி மேற்கே பார்த்துப் பழகிய கண்கள், இன்னும் அரை மணித்தியாலம் அங்கேயே நிற்கலாமே.

2027 ஆகஸ்ட் 2ஆம் திகதி வரும் சூரிய கிரகணம் மக்காவில் ஐந்து நிமிடங்களுக்குச் சற்று அதிகமாக முழுமையாக இருக்கும். இலங்கையில் அன்று மாலை பகுதியாகத் தெரியும். கிரகணத் தொழுகைக்குப் பள்ளியில் கூடும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஒரு துளையிட்ட அட்டையும் ஒரு வெள்ளைத் தாளும் கொடுத்துவிடலாம். இங்கே தென்மேல் பருவ மழைக் காலம் அது. மேற்கே மலை மறைக்காத இடமும் தேட வேண்டும். குசினிக் கூரையை மாற்றச் சொல்லி உம்மா வற்புறுத்துகிறார். அதுவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.