அலைச்சறுக்குப் பலகை: நீளமா, குட்டையா?

சென்ற ஆண்டு தசரா விடுமுறையில் இரண்டு குடும்பமாக முல்கிக்குப் போயிருந்தோம். மங்களூருக்கு வடக்கே, சாம்பவி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள ஊர் அது. என் அக்காள் மகனுக்குப் பதின்மூன்று வயது. சர்ஃபிங் எனப்படும் அலைச்சறுக்கைக் கற்றே தீருவேன் என்று ஓராண்டாகப் பிடிவாதம். அத்தானும் மனமிரங்கி, அலுவலக நண்பர் ஒருவர் மூலம் பழைய பலகை ஒன்றை வாங்கியிருந்தார். ஆறடி நீளம், கூரிய மூக்கு, பார்ப்பதற்கு அம்பு போல அழகாக இருந்தது. "சின்னப் பையனுக்குச் சின்னப் பலகைதானே தோது?" என்பது அவர் கணக்கு. காரின் மேல் கட்டிக் கொண்டு போகவும் வசதி.

இரண்டு நாள், காலையும் மாலையும், பையன் அலையோடு மல்லுக்கட்டினான். ஒரு முறைகூட எழுந்து நிற்க முடியவில்லை. இரண்டாம் நாள் மாலை கரையேறி வந்தவன், "மாமா, இது எனக்கு வராது. ஊருக்குப் போயிடலாம்" என்றான். முகத்தில் வழிந்தது கடல் நீரா, கண்ணீரா என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் அங்கிருந்த பயிற்சியாளர் அந்தப் பலகையை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, எட்டடி நீளமுள்ள, மேற்புறம் மெத்தென்று இருக்கும் பலகை ஒன்றைக் கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள் பையன் எழுந்து நின்றான். பத்து விநாடி நின்றிருப்பான். பையனும் மாறவில்லை, கடலும் மாறவில்லை. மாறியது பலகை ஒன்றுதான்.

அந்தப் பத்து விநாடிக்குள் என்ன சூட்சுமம் இருக்கிறது? பலகை வாங்க நினைக்கும் பெற்றோர் அதைத் தெரிந்து கொண்டால் பணமும் மிஞ்சும், பிள்ளையின் உற்சாகமும் மிஞ்சும்.

இருவகைப் பலகைகள்

அலைச்சறுக்குப் பலகைகளை இரண்டு பெரும் பிரிவாகப் பிரிக்கலாம். லாங்போர்டு என்னும் நீள்பலகை ஒன்பது அடியும் அதற்கு மேலும் நீளமுடையது. அகலம் ஏறக்குறைய 22, 23 அங்குலம். கனம் மூன்று அங்குலத்தை ஒட்டி. மூக்கு வட்டமாக இருக்கும். அடிப்புறத்தின் பின்பகுதியில் மீனின் துடுப்பு போன்ற பெரிய தகடு ஒன்று பொருத்தியிருப்பார்கள். சிலவற்றில் அதன் இருபுறமும் சிறிய துடுப்புகள் இருக்கும்.

ஷார்ட்போர்டு என்னும் குறும்பலகை பெரும்பாலும் ஐந்தரை அடி முதல் ஆறரை அடி வரை. அகலம் 18 முதல் 20 அங்குலம், கனம் இரண்டேகால் அல்லது இரண்டரை அங்குலம். மூக்கு கூர்மையாக இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் முன்னும் பின்னும் ஓடம் போல மேல்நோக்கி வளைந்திருக்கும். அடியில் மூன்று துடுப்புகள் இருப்பது வழக்கம்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஏழு, எட்டடிப் பலகைகளும் உண்டு. எங்கள் பையனுக்குக் கிடைத்தது இந்த நடுத்தர நீளப் பலகைதான். ஆனால் நாற்பது கிலோ எடையுள்ள சிறுவனுக்கு எட்டடி மென்பலகை, பெரியவருக்கு நீள்பலகை செய்யும் வேலையைச் செய்துவிடுகிறது.

அலையைப் பிடிப்பது எப்படி?

சறுக்குபவர் பலகையில் குப்புறப்படுத்து, இரு கைகளாலும் துழாவிக் கொண்டு முன்னேறுகிறார். பின்னாலிருந்து வரும் அலை அவரைத் தூக்கும்போது, அலையின் சரிவில் பலகை தானே வழுக்கத் தொடங்க வேண்டும். இதைத்தான் அலையைப் பிடிப்பது என்கிறார்கள். அது நடந்த பிறகே எழுந்து நிற்கும் பேச்சு.

ஒரு மீட்டர் உயர அலை பொதுவாக ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆழத்தில் உடைகிறது. அந்த இடத்தில் அதன் வேகம் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர். புதிதாகக் கற்பவர் கையால் துழாவிப் போகும் வேகம் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் தேறினால் அதிகம். மீதி வேகத்தைத் தர வேண்டியது அலையின் சரிவு. நீண்டு அகன்ற பலகை நீரின்மேல் எடையைப் பரப்பிக் கொள்வதால் சற்றே சரிவு கிடைத்ததும் வழுக்கத் தொடங்கிவிடும். குறும்பலகையோ அலை செங்குத்தாக எழுந்து, உடையப் போகும் கடைசிக் கணத்தில்தான் ஓடத் தொடங்கும். அந்த ஒரு கணத்துக்குள் அதன்மேல் எழுந்து நின்றாக வேண்டும். தேர்ந்தவர்களால் முடியும். மூன்றாம் நாள் மாணவனால் எப்படி முடியும்?

இதோடு மிதப்பும் சேர்கிறது. ஒரு பொருள் எத்தனை லிட்டர் நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் எடையளவுக்கு அது மேல்நோக்கித் தள்ளப்படுகிறது என்று பள்ளியில் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் படித்திருக்கிறோம். ஆகவேதான் பலகைகளின் கொள்ளளவை லிட்டரில் குறிக்கிறார்கள். குறும்பலகைகள் பெரும்பாலும் 25 முதல் 35 லிட்டர். நீள்பலகைகள் 60 லிட்டருக்கு மேல் போகும். அத்தான் வாங்கிய பலகையின் அடியில் 28 என்று எழுதியிருந்தது. பையன் படுத்தவுடன் அது பாதி முழுகிற்று. நீருக்குள் முழுகிய பலகையைத் துழாவி நகர்த்துவது, ஈரமணலில் சைக்கிள் மிதிப்பது போலத்தான்.

அப்படியானால் குறும்பலகை எதற்கு?

திரும்புவதற்கு. நீளமான பேருந்தும் ஆட்டோ ரிக்ஷாவும் ஒரே சந்தில் திரும்புவதை நினைத்துப் பாருங்கள். குறும்பலகையின் வளைந்த அடிப்பாகமும் மெல்லிய விளிம்பும் மூன்று துடுப்புகளும், அலையின் சுவரில் மேலும் கீழும் சட்டென்று திரும்ப உதவுகின்றன. செங்குத்தான பேரலையில் நீள்பலகையின் மூக்கு நீருக்குள் குத்திக் கொள்ளும். வளைந்த குறும்பலகை தப்பிவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு. கடலுக்குள் செல்லும்போது எதிரே உடைந்து வரும் அலைக்கு அடியில், குறும்பலகையை அமுக்கி வாத்து போல மூழ்கி மறுபுறம் எழுந்துவிடலாம். மிதப்பு மிகுந்த நீள்பலகையை அப்படி அமுக்க முடியாது. அதைப் பற்றிக் கொண்டு தலைகீழாகப் புரண்டு, அலை மேலே கடந்து போனபின் மறுபடி நிமிர வேண்டும். அலை பெரிதாக உள்ள நாளில் நீள்பலகைக்காரர் கரையருகிலேயே களைத்துப் போவது உண்டு.

நீள்பலகை என்றால் ஏதோ பாலபாடம் என்று எண்ணிவிடக் கூடாது. ஓடும் பலகையின்மேல் அடிமேல் அடி வைத்து நடந்து முன்னே போய், பத்துக் கால்விரல்களையும் மூக்கின் விளிம்புக்கு வெளியே நீட்டி நிற்பது அதற்கே உரிய வித்தை. ஆண்டுக்கணக்கில் பழகியவர்களுக்கே அது கைகூடும்.

மரத்திலிருந்து நுரைக்கு

நீளமா, குட்டையா என்ற கேள்வி புதிதல்ல. அலைச்சறுக்கைப் பெருங்கலையாக வளர்த்த ஹவாய்த் தீவுகளில் முற்காலத்திலேயே இருவகையும் இருந்தன. பதினைந்து அடியைத் தாண்டும் 'ஓலோ' குலத்தலைவர்களுக்கு உரியது. அதைவிடக் குட்டையான, மெல்லிய 'அலாயா' மற்றவர்களும் பயன்படுத்தியது. அத்தகைய பழைய பலகைகளை ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கலையை உலகுக்கு எடுத்துச் சென்றவர்களில் முதன்மையானவர் ட்யூக் கஹானமோக்கு. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற ஹவாய்க்காரர். அவர் காலத்துப் பலகைகள் கனத்த மரத்தாலானவை. தூக்கிச் செல்வதே ஒரு தேகப்பயிற்சி. 1935-இல் டாம் பிளேக் என்பவர் பலகையின் அடியில் துடுப்பைப் பொருத்தினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் லேசான பால்சா மரமும் கண்ணாடி இழையும் வந்தன. 1950-களின் இறுதியில் பாலியூரித்தேன் நுரை வந்தபின் பலகை எல்லோரும் தூக்கக்கூடியதாயிற்று.

ஆனால் நீளம் மட்டும் குறையவில்லை. 1966-இல் சான் டியேகோவில் நடந்த உலகப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் நாட் யங் வென்றதுகூட ஒன்பதடிக்கு மேற்பட்ட பலகையில்தான். அடுத்த ஆண்டு முதல் நிலைமை தலைகீழாயிற்று. ஆஸ்திரேலியாவின் பாப் மக்டாவிஷ் போன்றவர்கள் பலகையை வெட்டிக் குறைக்கத் தொடங்கினார்கள். மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் ஏழடிக்கும் குறைந்த பலகைகள் வந்துவிட்டன. நீள்பலகைகள் கொட்டகைகளில் முடங்கின. 1980-81-இல் சைமன் ஆண்டர்சன் மூன்று துடுப்பு அமைப்பைக் கொண்டு வந்து போட்டிகளிலும் வென்றார். குறும்பலகையின் ஆட்சி உறுதியானது. இருந்தும் பழைய நீள்பலகைகள் ஒழிந்துவிடவில்லை. நிதானமாக வழுக்குவதில் உள்ள சுகத்துக்காகப் பலர் அதற்கே திரும்பினார்கள்.

ஜப்பானில் 2021-இல் நடந்த ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கு முதன்முறையாக இடம்பெற்றது. 2024-இல் தாஹித்தித் தீவின் தேஹுப்போவில் நடந்தது. இரண்டும் குறும்பலகைப் போட்டிகளே. நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்ப்பது அதைத்தான், கேட்பதும் அதைத்தான். ஓட்டப்பந்தயக் காரைப் பார்த்துவிட்டு அதிலேயே ஓட்டக் கற்றுக் கொள்கிறேன் என்பது போன்ற ஆசை இது.

யாருக்கு எது?

புதிதாகத் தொடங்குபவர், உடல் எடை எத்தனை கிலோவோ குறைந்தது அத்தனை லிட்டர் கொள்ளளவுள்ள பலகையைத் தேர்ந்தெடுக்கலாம். இது ஒரு தோராயக் கணக்குத்தான் என்றாலும் ஏமாற்றாது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அறுபது லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். கைதேர்ந்தவர்கள் இதில் பாதிக்கும் குறைவான கொள்ளளவில் சமாளிப்பார்கள்.

முதல் பருவத்தில் மேற்புறம் மென்மையான பலகையே நல்லது. தலையில் பட்டாலும் காயம் குறைவு. நாற்பதைத் தாண்டிய தாய் தந்தையரும் கற்க விரும்பினால் தயங்க வேண்டாம். நீள்பலகை அவர்களுக்கும் இடம் கொடுக்கும். உடையாத பச்சை அலையைத் தானே பிடிக்கவும், இடம் வலம் திருப்பவும் வந்த பிறகு ஏழடி, அப்புறம் ஆறரை என்று படிப்படியாகக் குறைக்கலாம். அலை சிறிதாகவும் சரிவு மெதுவாகவும் உள்ள கடற்கரைக்கு நீளம் ஏற்றது. அலை செங்குத்தாக எழும் இடத்துக்குக் குட்டை ஏற்றது. எந்தப் பலகையானாலும் விலைக்கு வாங்குமுன் பயிற்சிப் பள்ளியில் வாடகைக்கு எடுத்து நான்கு நாள் பழகிப் பாருங்கள்.

நம் கரைகளில்

முல்கியில் 2004 வாக்கிலேயே அலைச்சறுக்குச் சங்கம் தோன்றிவிட்டது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், மீனவரான மூர்த்தி மேகவன் 2012-இல் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. ஆடவர் பிரிவில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் பெற்றார்.

சோழமண்டலக் கரையின் மீனவப் பிள்ளைகள் இதில் சட்டென்று தேறியதில் வியப்பில்லை. இரண்டு மூன்று மரங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரத்தில், உடையும் அலையின் வேளை பார்த்துக் கரையேறுவது அவர்கள் முன்னோருக்கு அன்றாடப் பிழைப்பு. ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்களில் கட்டுமரமும் ஒன்று. அலையை எப்போது பிடிப்பது, எப்போது விட்டுவிடுவது என்ற கணிப்பு அவர்கள் கண்ணிலேயே இருக்கிறது. உள்நாட்டு நகரங்களில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கண் இல்லை. ஆகவே சில எச்சரிக்கைகள்.

நீச்சல் தெரியாமல் எந்தப் பலகையிலும் ஏறக் கூடாது. கணுக்காலையும் பலகையையும் இணைக்கும் கயிறு அறுந்து போகலாம். அதை நம்பி ஆழத்துக்குப் போவது தவறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும். கற்பவருக்கு அது காலமல்ல. வடகிழக்குப் பருவமழை நாட்களில் கிழக்குக் கரையும் அப்படியே. கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் எதிர்த்துப் போராடாமல், பலகையைப் பற்றிக் கொண்டு கரைக்கு இணையாக விலகி, பிறகு கரை திரும்ப வேண்டும். உங்களுக்கும் வரும் அலைக்கும் நடுவில் பலகையை வைத்துக் கொள்ளாதீர்கள். அலை அதை உங்கள் மேலேயே எறியும். விழும்போது தலைகுப்புறப் பாயாமல் தட்டையாக விழுந்து, எழும்போது கைகளால் தலையை மூடிக் கொள்ளுங்கள். நீள்பலகை கனமானது, கைவிட்டால் பக்கத்தில் நீந்துபவரைத் தாக்கும். குறும்பலகையின் மூக்கு கூரியது, கண்ணுக்கு ஆபத்து.

அந்த ஆறடிப் பலகை இப்போது அக்காள் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அத்தான் அதை விற்றுவிடலாம் என்றார். பையன் ஒப்பவில்லை. "இருக்கட்டும்பா, ரெண்டு வருஷம் கழிச்சு எனக்கு வேணும்" என்கிறான். முல்கிக்கு மறுபடி போகும் நாளை இப்போதே எண்ணத் தொடங்கிவிட்டான். அதுவரை அவனுக்கு எட்டடி வாடகைப் பலகையே போதும்.